தட்டினால் கேட்காத மேஜை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. கையில் வேலை இருந்தால் விட வேண்டாம்; காய் நறுக்குகிறவர்கள் நறுக்கிக்கொண்டே இருங்கள், காதை மட்டும் என் பக்கம் கொடுங்கள். இன்றைக்கு ஒரு மேஜையின் கதை சொல்லப் போகிறேன். மேஜைக்கு என்ன கதை என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். கேட்டு முடித்ததும் நீங்களே உங்கள் வீட்டு மேஜையை ஒரு தரம் தொட்டுப் பார்ப்பீர்கள்.

போன வாரம் வராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நம் கதைகளில் வருகிற மருமகளின் கொழுந்தன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். பெயர்தான் சின்னவன்; முப்பதைத் தாண்டியவன், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். அவனுக்கு ஆட்டிசம். வாய்ப்பேச்சு வராது. தெருவைத் தோண்டும் இயந்திரம் அவர்கள் வாசலில் நின்று அலறிய அன்று, அந்தச் சத்தம் தாங்காமல் ஓடினான். குறுக்கே வந்த அம்மாவை அவன் தோள் இடித்துவிட்டது. அம்மா விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்து தேறட்டும் என்று சேர்த்தார்கள். கொஞ்ச நாள் என்பது மாதக்கணக்காக நீண்டுவிட்டது.

இப்போது டாக்டர் வேறொன்று சொல்கிறார். தொலைவில் ஓர் ஊரில் நீண்டகாலம் தங்கவைக்கும் மருத்துவமனை இருக்கிறதாம், சின்னவனை அங்கே அனுப்பிவிடலாமாம். பேசி முடிவெடுக்க ஒரு நாள் குறித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அந்த இடம் மருமகளுக்குத் தெரியும். அவள் வேலையே அதுதான். சின்னவனைப் போன்றவர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் வார்டுகளுக்குப் போய், அங்கே அவர்களை மனிதர்களாக நடத்துகிறார்களா என்று மேற்பார்வை பார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். நோயாளியின் கட்டிலில் தானே படுத்து, விளக்கு கண்ணில் குத்துகிறதா என்று சோதிப்பாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'படுத்துப் பார்க்கும் மேடம்'. அந்தத் தொலைதூர மருத்துவமனையையும் அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள். தரை சுத்தம், மனிதர்கள் நல்லவர்கள். ஆனால் கறுத்த தலையோடு போனவர்கள் அங்கேயே நரைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வீட்டுக்குப் போனவர் யார் என்று கேட்டபோது, அங்கிருந்த சிஸ்டர் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டார்.

ஆகவே சின்னவன் அங்கே போனால் போனதுதான். இது மருமகளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

குறித்த நாள் காலை வீட்டில் குண்டூசி விழுந்தால் கேட்கும். சின்னவன் இருந்த காலத்தில் அப்படி இல்லை. அவன் பேச்செல்லாம் விரல் முட்டியில்தான். கதவு, மேஜை, அலமாரி, வாளி, எது கைக்கு அகப்படுகிறதோ அதில் தட்டுவான். ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு. அம்மாவைக் கூப்பிட மெதுவாக, இழுத்து இழுத்து. அண்ணனைக் கூப்பிடச் சடசடவென்று, தகரத்தில் மழை விழுகிற மாதிரி.

கல்யாணமாகி வந்த புதிதில் மருமகளுக்கென்று தட்டு எதுவும் கிடையாது. மாமியார் கேலி செய்வார்.

"உனக்கு இன்னும் அவன் பேர் வைக்கலைம்மா. அதுவரைக்கும் இந்த வீட்டுல நீ விருந்தாளிதான்."

ஒரு மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அலமாரிக் கதவில் ஒரு தட்டு, உடனே நகத்தால் ஒரு கீறல். இது யாருக்கு என்று எல்லோரும் விழித்தார்கள். சின்னவன் அவளைப் பார்த்து மறுபடியும் அதையே செய்தான். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாள் முழுக்கத் தட்டுகிற வீட்டில் வாழ்வது லேசு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் திருப்பி இடிப்பார். மாமியாருக்கு அந்த அவமானம் பெரிது. சின்னவன் ஆஸ்பத்திரி போன பிறகு வந்த அமைதியில் மூவருமே கொஞ்சம் மூச்சு விட்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கணவன் அன்று லீவு கிடைக்காது என்றான். தட்டில் இருந்ததைப் பாதியில் விட்டு எழுந்து, டாக்டர் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள் என்று செருப்பைப் பார்த்துச் சொன்னான். அங்கே போய் அழக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா எதற்கு அழுவார்? பிள்ளை எவ்வளவு சாதுவாகிவிட்டான், போன தடவை பார்த்தபோது ஒரு சத்தம் இல்லை என்று பூரித்துக்கொண்டே ஆரஞ்சுப் பழங்களைப் பையில் வைத்தார். பையை இடது கையில்தான் தூக்கினார். வலது மணிக்கட்டில் முறிந்த எலும்பு ஒட்டிவிட்டது. ஈரத்துணி பிழிய மட்டும் இன்னும் வரவில்லை.

ஆஸ்பத்திரியின் பார்வையாளர் அறையில் அவர்களுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மருமகளோடு வேலை பார்க்கிறவர். எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் முதலில் உத்தரத்து மூலையை அண்ணாந்து பார்ப்பதால் அவர் 'ஒட்டடை சார்'. சொந்தக்காரர் படுத்திருக்கும் வார்டை மேற்பார்வை பார்க்கக் கூடாது என்று அவர்கள் வேலையில் ஒரு விதி. அதனால் சின்னவனின் வார்டு ஒட்டடை சாரின் பங்குக்கு வந்தது. அவர் இரண்டு நாளாகச் சுற்றிப் பார்த்து முடித்துவிட்டார்.

எல்லாம் திருப்தி என்றார். பூட்டு அவசியமில்லாத கதவில் பூட்டு இல்லை. அடக்கி வைக்க மருந்து கொடுப்பது இல்லை. தினமும் தோட்டத்தில் நடக்க விடுகிறார்கள். ஒட்டடைகூட இல்லை என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார்.

"சத்தத்தைக் குறைச்சதுக்கு முழு மார்க் மேடம். அதுல பாதி உங்களைச் சேரணும். உங்க மேஜைதானே."

அவர் சொன்ன மேஜைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. சில வருஷங்களுக்கு முன் வேறொரு வார்டில் மருமகள் ஒரு பெண்ணைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் தட்டும் கரண்டியும் நாற்காலியும் போடுகிற சத்தம் தாங்காமல், காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் ஒண்டிக்கொள்வாள், சாப்பிடவே மாட்டாள். மருமகள் அந்த மேஜைகளுக்குத் தடித்த மெத்தை உறை போடச் சொன்னாள். நாற்காலிக் காலுக்கு ரப்பர், சுவருக்கு மெத்துப் பலகை. சீக்கிரமே அந்தப் பெண் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பார்த்தவர்களுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மேலிடம் அதை எல்லா வார்டுகளுக்கும் விதியாக்கியது. மருமகள் தன் வேலையில் பெருமைப்படுகிற ஒரே காரியம் என்று அதைத்தான் சொல்வாள்.

சின்னவனைச் சிஸ்டர் அழைத்து வந்தார். கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவன் நடைக்குத் தன் நடையை மட்டாக்கிக்கொண்டு கூட வந்தார். சட்டைப் பொத்தான் சரியாக மாட்டியிருந்தது. நகம் வெட்டியிருந்தது. மேற்பார்வைக் கண்ணால் பார்த்தாள் மருமகள். ஒரு குறையும் இல்லை. அண்ணி கண்ணால் பார்த்தாள். என்னவோ ஒன்று இல்லை. என்ன என்று பிடிபடவில்லை.

மாமியார் ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தார். கொடுத்தால் தின்றான். கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. தின்றுகொண்டிருக்கும்போது அவன் வலது கை மேஜைமேல் வந்தது. விரல் மடங்கி முட்டி உறையில் இறங்கியது. ஒன்றும் கேட்கவில்லை. அவன் தன் விரலை, யாருடையதோ போலப் பார்த்தான். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"பாத்தியாம்மா, எவ்வளவு சமத்தா கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றார் மாமியார்.

மருமகள் தன் விரலை மடக்கி மேஜையைத் தட்டினாள். பஞ்சுமூட்டையைத் தட்டுகிற மாதிரி இருந்தது. எழுந்து போய்ச் சுவரைத் தட்டினாள். நாற்காலிக் கையை, கதவை, ஜன்னல் ஓரத்தைத் தட்டினாள். எல்லாம் மெத்து. எல்லாம் அவள் சொன்னபடி, ஓர் இடம் விடாமல் செய்திருந்தார்கள். எத்தனை வார்டில் எத்தனை கட்டிலில் படுத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு மேஜையை ஒரு தரம் தட்டிப் பார்த்ததில்லை.

அவன் வந்த புதிதில் எப்படி இருந்தான் என்று சிஸ்டரைக் கேட்டாள். சிஸ்டர் நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். முதலில் சுவரையும் மேஜையையும் கையால் இடித்துக்கொண்டே இருந்தானாம். நாளுக்கு நாள் பலமாக இடித்தானாம், முட்டியெல்லாம் கன்றிப்போகும். காயம் படக்கூடாதே என்று பஞ்சு வைத்த கையுறை மாட்டினார்களாம். அப்புறம் தானாகவே அடங்கிவிட்டானாம்.

"இப்போ கையுறையே தேவைப்படலைங்க" என்றார் சிஸ்டர்.

அந்த வார்டில் அவனிடம் யாரும் கடிந்து பேசியதில்லை. அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். அதனால் மருமகளுக்குக் கோபப்படவும் ஆள் கிடைக்கவில்லை. கேட்கவில்லையே என்று பலமாகத் தட்டியிருக்கிறான். பலமாகத் தட்டினால் முரடு என்று நினைத்திருக்கிறார்கள். கடைசியில், கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று அவனே முடிவு செய்துகொண்டுவிட்டான்.

பேசி முடிவெடுக்க டாக்டரம்மா கூப்பிட்டபோது, சின்னவனும் உள்ளே வர வேண்டும் என்றாள் மருமகள். டாக்டர் தயங்கினார். தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் கலவரப்படுவானோ என்று அவர் பயம்.

"அவரைப் பத்தித்தானே முடிவெடுக்கறோம் டாக்டர். இதையே வேற வார்டுல, ஆளை வெளியே உக்கார வெச்சுட்டுச் செஞ்சா, தப்புன்னு நானே எழுதுவேன்."

டாக்டர் ஒரு நொடி யோசித்துவிட்டு, இன்னொரு நாற்காலி போடச் சொன்னார்.

டாக்டர் அறைக்கு அந்த விதி கிடையாது. நோயாளிகள் புழங்காத இடம். அங்கே இருந்தது பழைய மரமேஜை, மேலே உறை இல்லை. மருமகள் அதைப் பார்த்தாள். எதுவும் சொல்லாமல் சின்னவனுக்கு மேஜையை ஒட்டி இடம் விட்டு உட்கார்ந்தாள்.

டாக்டர் நிதானமாகப் பேசினார். அவன் யாருக்கும் தொந்தரவு இல்லை என்றார். பிரச்சினை அதுவல்ல, யாரிடமும் வருவதில்லை, எதையும் கேட்பதில்லை, சாப்பாடு குறைந்துகொண்டே வருகிறது, சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறான். உள்ளுக்குள் போய்விட்டான். வேலைக்குப் போகிற இரண்டு பேரும், கை சரியில்லாத அம்மாவும் இவனை எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்? தொலைவாக இருந்தாலும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சின்னவனின் கை மேஜைமேல் வந்தது. முட்டி மரத்தில் பட்டது. சன்னமாக ஒரு சத்தம். அவன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். பிறகு திரும்ப வைத்தான். மெதுவாக, இழுத்து இழுத்துத் தட்டினான்.

மாமியார் மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"இதோ வந்துட்டேன்டா" என்றார், அடுக்களையில் இருந்து சொல்கிற மாதிரி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கண்ணாடியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

டாக்டர் பேச்சை நிறுத்தினார். சின்னவன் நிறுத்தவில்லை. அடுத்து சடசடவென்று தட்டிவிட்டுக் கதவைப் பார்த்தான். அண்ணன் வரவில்லை. மறுபடி தட்டிவிட்டுப் பார்த்தான்.

"அண்ணன் ஆபீஸ் போயிருக்காரு தம்பி. சாயங்காலம்தான் வருவாரு" என்றாள் மருமகள்.

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டான். பிறகு அவள் பக்கம் திரும்பி ஒரு தட்டு, நகத்தால் ஒரு கீறல். அவள் "என்னப்பா" என்று அவன் பக்கம் திரும்பினாள். அவனுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று பார்த்தான், அவ்வளவுதான்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். மருமகள் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுத் தட்டுகளை, மெத்தை உறையை, கையுறையை. மழுப்பாமல் இதையும் சொன்னாள்:

"எல்லா மேஜைக்கும் உறை போடச் சொன்னது நான்தான் டாக்டர். என் வீட்டுப் பிள்ளை வாயை நானே பொத்தியிருக்கேன்."

டாக்டர் அவளைத் தேற்றவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. நானும் இத்தனை நாள் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன் என்றார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்கிற மாதிரி மாமியாரைப் பார்த்துவிட்டுச் சொன்னார். மூத்த மகன் காலையிலேயே போனில் கூப்பிட்டு, அனுப்பிவிடலாம், தனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டாராம்.

மருமகளுக்கு, காலையில் கணவன் பாதியில் விட்டு எழுந்த சாப்பாடு நினைவுக்கு வந்தது. அவனைத் திட்டவும் மனசு வரவில்லை. அம்மா கீழே விழுந்த அன்று அவரைத் தூக்கியவன் அவன்தான்.

மாமியார் மூத்த மகன் பேச்சைத் தட்டாதவர். வீட்டில் எந்த முடிவானாலும் 'மூத்தவனைக் கேளு' என்பதுதான் அவர் பதில். இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தெருவுல நாலு பேர் முகம் சுளிக்காம இருந்தாப் போதும்னு நினைச்சுட்டேன் டாக்டரம்மா. இவன் இங்கே என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கான். நான் அங்கே நிம்மதியா உக்காந்திருக்கேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "மூத்தவன்கிட்ட நான் பேசிக்கிறேன். என் கையை நினைச்சுத்தான் அவன் சரின்னிருக்கான். கை என்னுது."

அத்தனை வருஷத்தில் மாமியார் அப்படிப் பேசி மருமகள் கேட்டதில்லை.

டாக்டர் முடிவைத் தள்ளி வைத்தார். அனுப்புவது நின்றுபோகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறது என்று தெளிவாகவே சொன்னார். இன்றைக்கே சின்னவன் அறையில் உறை இல்லாத மரமேஜை ஒன்று போடுவார்கள். அவன் கூப்பிடுகிறானா, கூப்பிட்டால் சாப்பிடுகிறானா என்று சில நாள் பார்ப்பார்கள். அதற்குள் வீட்டில் மூன்று பேரும் ஒரே வார்த்தையாக வந்து சொல்ல வேண்டும். ஒருவர் ஒன்றும் மற்றவர் ஒன்றுமாகச் சொன்னால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

வெளியே ஒட்டடை சார் கிளம்பத் தயாராக நின்றார். சத்தத்துக்குப் போட்ட முழு மார்க்கை அடித்துவிடுங்கள் என்றாள் மருமகள். ஏன் என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடித்தால் அடி அவள் பெயரில்தான் விழும், மேலிடம் அவளைத் தூக்கி ஓர் ஓரத்தில் போட்டுவிடும் என்று தயங்கினார்.

"விழட்டும் சார். ஆனா எல்லாத்தையும் உரிச்சு எறிஞ்சுடாதீங்க. அந்தப் பொண்ணுக்கு உறை வேணும். எங்க தம்பிக்கு வேண்டாம். யாருக்கு எதுன்னு அவங்கவங்களைக் கேட்டுத்தான் செய்யணும்."

"பேசாதவங்ககிட்ட எப்படி மேடம் கேக்கறது?"

"அதுக்குத்தானே சார் நம்மளை வெச்சிருக்காங்க."

ஒட்டடை சார் உத்தரத்தைப் பார்க்கவில்லை. விரலை மடக்கிப் பக்கத்துச் சுவரை மெல்லத் தட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. சிஸ்டர் சின்னவனைக் கூட்டிக்கொண்டு போக வந்தார். அவன் டாக்டர் அறை வாசலில் நின்றுவிட்டான். அந்த மரக்கதவு அவனுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. மாமியார் சிரித்துக்கொண்டே பக்கத்தில் போனார், தன்னைத்தான் கூப்பிடப் போகிறான் என்று.

அவன் தட்டினான். உள்ளங்கையால் அழுத்தி ஒன்று. ஓர் இடைவெளி. பிறகு சுண்டுவிரலால் பூப்போல ஒன்று.

மாமியார் மருமகளைப் பார்த்தார். மருமகள் மாமியாரைப் பார்த்தாள். அது அம்மாவுக்கு இல்லை, அண்ணனுக்கு இல்லை, அவளுக்கும் இல்லை. அப்படி ஒரு தட்டை அந்த வீட்டில் யாரும் கேட்டதே இல்லை.

சின்னவன் வார்டுப் பக்கம் பார்த்தான். நடைபாதையின் இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், எல்லாக் கதவும் மெத்தை வைத்த கதவுகள். அவன் யாரோடு பழகுவான் என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள். யாரோடும் இல்லை, தனியாகத்தான் இருப்பான் என்றார் சிஸ்டர். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

இங்கே யாரோ ஒருவருக்கு அவன் பெயர் வைத்திருக்கிறான். அவரை இத்தனை நாளாகக் கூப்பிட்டிருக்கிறான். அந்த ஆளுக்கு அது எட்டவே இல்லை.

இன்னொரு தரம் தட்டினான், உள்ளங்கை, பிறகு சுண்டுவிரல். தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். சிஸ்டர் அவனைச் சாப்பிட அழைக்கவில்லை. பெண்கள் மூவரும் அவனோடு சேர்ந்து அந்த நடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எந்தக் கதவு திறக்கும் என்று.

நேரமாகிவிட்டது கண்ணுகளா, அடுப்பில் இருப்பதை ஒரு பார்வை பாருங்கள். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். பெரியவர்களுக்குக் கைகால் திடமாக இருக்கட்டும், பிள்ளைகள் பசி அறியாமல் வளரட்டும். உங்கள் வீட்டில் யார் எந்த மூலையிலிருந்து கூப்பிட்டாலும், ஓடிவர ஒருவர் என்றைக்கும் இருக்கட்டும்.